மாடு மேய்ந்த திடல்: இங்கிலாந்துக் கிராமத்து நடுவெளியின் மாறும் முகம்

இங்கிலாந்துக் கிராமம் என்றதும் ஒரு காலண்டர் படம் கண்முன் வந்து நிற்கும். நடுவே கம்பளம் விரித்தாற்போலப் புல். ஓரத்தில் வாத்து நீந்தும் குளம். சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, வெள்ளை உடையில் கிரிக்கெட் ஆடுபவர்கள், பின்னால் தேவாலயக் கோபுரம். காலங்காலமாக இப்படியே இருந்திருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் படத்தில் உள்ளவற்றுக்கு ஒவ்வொன்றாக வயது போட்டுப் பாருங்கள். தொலைபேசிக் கூண்டு 1936க்குப் பிந்தியது. போர் நினைவுத்தூண் முதல் உலகப்போருக்குப் பிந்தியது. மரங்களில் பல, அரச விழாக்களை ஒட்டி நட்டவை. அந்தக் கம்பளப் புல்லோ பல ஊர்களில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்தது. படத்திலேயே பழமையானதாகத் தெரியும் அதுதான் உண்மையில் மிக இளையது.

இந்த நடுவெளிக்கு அங்கே வில்லேஜ் கிரீன் என்று பெயர். அதைக் கிராமப் பூங்கா என்று சொன்னால் முதல் அடியே சறுக்கிவிடும். நம்மூரில் மந்தை என்கிறோமே, மாடுகளை ஓட்டிவந்து சேர்க்கும் ஊர்ப்பொது வெளி, கூட்டமும் கூத்தும் நடக்கும் இடம், அதுவே இதற்கு நெருங்கிய சொல். அழகுக்காக யாரும் கிரீனை உண்டாக்கவில்லை. மாடு மேய்ந்ததால் மரம் முளைக்கவில்லை. எல்லோருக்கும் உரிமை இருந்ததால் எவரும் வேலி போடவில்லை. இந்த இரண்டும் சேர்ந்ததால் மிஞ்சிய வெற்றிடம் அது.

எல்லாக் கிரீனும் ஒரே வழியில் பிறக்கவில்லை. வடக்கே டர்ஹம் கவுன்டியில் (கவுன்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) ஹெய்ங்டன், ஸ்டெயின்ட்ராப் போன்ற ஊர்களில் வீடுகள் நடுத்திடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன. பின்பக்க மனைகள் ஓர் ஒழுங்கில் நீள்கின்றன. யாரோ கயிறு பிடித்து அளந்து போட்ட ஊர் என்பது வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். 1069–70 குளிர்காலத்தில் அரசர் முதலாம் வில்லியமின் படை வடக்கை எரித்துப் பாழாக்கியது. அதன்பின் நிலப்பிரபுக்கள் புதிதாகத் திட்டமிட்டு நிறுவிய ஊர்களே இவற்றில் பல என்ற கருத்து ஆய்வாளர்களிடையே வலுவாக உண்டு. கம்ப்ரியாவின் மில்பர்ன் இன்னும் தெளிவான உதாரணம். நீள்சதுரத் திடலைச் சுற்றி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி உள்நோக்கி நிற்கும்; மூலைகளில்தான் குறுகிய வழிகள். இரவில் அந்த வாய்களை அடைத்துவிட்டால் மாடுகள் எங்கும் போக முடியாது.

கிழக்கே நார்ஃபக் பக்கம் கதை தலைகீழ். அங்கே கிரீன் முதலில். ஊர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. லாங்கம் என்ற ஊரில் தொல்லியலாளர் பீட்டர் வேட்-மார்ட்டின்ஸ் உழுத வயல்களில் நடந்து பானையோடுகளைப் பொறுக்கி இதைக் காட்டினார். வில்லியமுக்கு முந்திய சாக்ஸன் காலத்து ஓடுகள் தேவாலயத்தைச் சுற்றிக் கிடந்தன. 12ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஓடுகளோ பொதுமேய்ச்சல் நிலத்தின் விளிம்பில் கிடந்தன. ஏர் ஏற ஏற மேய்ச்சல் சுருங்கியது. மிஞ்சிய மேய்ச்சலின் கரைக்கே சனங்கள் வீட்டை மாற்றிக்கொண்டார்கள். நார்ஃபக்கில் தேவாலயம் தனியே வயல் நடுவில் நிற்க, ஊர் அரைமைல் தள்ளி இருப்பதைக் கண்டால் இந்த இடப்பெயர்ச்சி நினைவுக்கு வரவேண்டும். இவ்வகைக் கிரீன்களுக்கு நேர்க்கோட்டு எல்லை கிடையாது. பக்கங்கள் உள்வளைந்து, மூலைகள் புனல்வாய் போலக் குறுகிச் சாலையாகிவிடும். மாடுகள் பரந்து வந்து ஒரு சந்தில் நெருங்கி நுழைந்த தடம் அது. வரைபடத்தில் நான் முதலில் தேடுவது இந்தப் புனல்வாயைத்தான்.

அளவும் ஊருக்கு ஊர் வேறு. எசெக்ஸின் கிரேட் பென்ட்லியில் 43 ஏக்கர். நாட்டிலேயே பெரியது தங்களுடையதே என்று ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள். குளோஸ்டர்ஷயரின் ஃப்ராம்ப்டன்-ஆன்-செவர்னில் 22 ஏக்கர் திடல் ஏறக்குறைய அரைமைல் நீளம் ஓடுகிறது. அது சதுப்பாகக் கிடந்த இடம். 18ஆம் நூற்றாண்டில் வடிகால் வெட்டி உலர்த்திய பிறகே இன்றைய பச்சை வந்தது. வேறு ஊர்களில் முச்சந்தி நடுவே முக்கோணமாக ஒரு துண்டு மட்டும் இருக்கும். அதுவும் கிரீன்தான்.

சாணமும் சேறும்

200 ஆண்டுகளுக்கு முந்திய கிரீனைப் பார்க்க வேண்டுமானால் மனத்திலிருந்து முதலில் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்துவிடுங்கள். பிறகு சாலையின் தாரை உரித்துவிடுங்கள். ஒன்றோடொன்று பின்னிய வண்டித்தடங்கள் நாலைந்து, மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று திடலைக் கிழித்துக்கொண்டு போகும். சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் அவை கோடையில் வெள்ளை வெளேரென்று தெரியும். குளத்தைச் சுற்றிப் புல் கிடையாது. குளம்புகள் மிதித்த சேறுதான். வண்டிப் பட்டறைக்காரர் வெட்டிப்போட்ட எல்ம் மரக்கட்டைகள், சாணக்குவியல், காயும் துணி, கொல்லர் பட்டறை வாசலில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டும் வட்டத் தகடு. ஒரு மூலையில் பவுண்டு, அதாவது அலையும் மாட்டைப் பிடித்து அடைக்கும் கொண்டித்தொழு. அருகிலேயே குற்றவாளியின் காலை மாட்டிவைக்கும் தொழுமரம்.

குளமும் அழகுக்கு அல்ல. கால்நடைக்குத் தண்ணீர், தீப்பிடித்தால் தண்ணீர். வெயிலில் காய்ந்து மரம் சுருங்கி, இரும்புப் பட்டை தளர்ந்த வண்டியைக் குளத்துக்குள் ஓட்டி நிறுத்திவைப்பார்கள். மரம் ஊறிப் பட்டை மறுபடி இறுகும். பழைய படங்களில் குளத்தின் ஒரு கரை மட்டும் சரிவாகவும் கல் பாவியும் இருந்தால் வண்டி இறங்கிய இடம் அதுவே.

புல்லின் தோற்றமும் மேய்ந்த விலங்கைப் பொறுத்தது. மாடு நாக்கால் சுற்றிப் பிடுங்கும்; சாணம் விழுந்த இடத்தை மறுபடி தீண்டாது. அதனால் மாடு மேய்ந்த திடல் கொத்துக்கொத்தாக, மேடுபள்ளமாகத் தெரியும். ஆடு நறுக்கிக் கடிக்கும். பெருவாத்து இன்னும் ஒட்டக் கடித்துச் சில இடங்களில் தரையே தெரியும்படி செய்துவிடும். 1900ஐ ஒட்டிய ஒரு புகைப்படத்தில் விலங்கு ஒன்றுகூட இல்லாவிட்டாலும், எது மேய்ந்தது என்பதைப் புல்லை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்தக் கடியையும் மிதியையும் நம்பி வாழ்ந்த செடிகள் உண்டு. மிதிபட்டால் மணக்கும் கேமமைல், பென்னிராயல் என்ற குட்டைப் புதினா, மஞ்சள் பொத்தான் போலப் பூக்கும் ஸ்மால் ஃப்ளீபேன், குளக்கரையில் நட்சத்திரம் போலக் காய்க்கும் ஸ்டார்ஃப்ரூட். இவற்றின் விதைக்கு வேண்டியது குளிர்காலத்தில் நீர் நின்று, கோடையில் வற்றி, குளம்பு கிளறிய வெற்றுச் சேறு. மேய்ச்சல் நின்றதும் உயர்ந்த புல் நிழலடித்தது, கரையில் புதர் மூடியது, சேறு மறைந்தது. ஸ்மால் ஃப்ளீபேன் இன்று பெரும்பாலும் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியோடு ஒடுங்கிவிட்டது. அங்கே இன்னும் குட்டைக் குதிரைகளும் மாடுகளும் ஊர்த்திடலில் மேய்கின்றன. கிரீனைச் சுத்தம் செய்த ஒவ்வொரு ஊரும் இந்தச் செடிகளையும் சேர்த்தே துடைத்தது. இந்த இழப்பைப் பற்றி யாரும் போதுமான அளவு வருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

சட்டம் வரைந்த படம்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் வழியாகப் பொதுநிலங்கள் ஊர் ஊராக வேலிக்குள் போயின. பெரிய மேய்ச்சல்வெளிகள் வயலாயின. வீடுகளுக்கு நடுவே இருந்த துண்டு மட்டும் பல இடங்களில் தப்பியது. 1845ஆம் ஆண்டு வேலியடைப்புச் சட்டம், ஊர்க் கிரீனை அந்தச் சட்டத்தின்கீழ் அடைக்கக் கூடாது என்றது. அது பெரிய காவல்.

ஆனால் இன்று நாம் காணும் படம் தொடங்கியது 1857இல் என்பேன். அந்த ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, கிரீனில் எரு, மண், சாம்பல், குப்பை கொட்டுவதைக் குற்றமாக்கியது. உரிமையின்றி அங்கே கால்நடையை ஓட்டிவருவதும் குற்றம். காரணம் என்ன சொன்னது? உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்குமான இடம் என்ற பயன்பாட்டுக்கு அவை இடையூறாம். நூற்றாண்டுகளாக எருவும் மாடும் கிடந்த இடத்தை, விளையாடும் இடம் என்று ஒரே வாக்கியத்தில் சட்டம் மறுவரையறை செய்துவிட்டது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அடுத்த ஆணியை அடித்தது: கிரீனை மேலும் நன்றாக அனுபவிக்க உதவாத எந்தக் கட்டுமானமும், எந்த ஆக்கிரமிப்பும் பொதுத்தொல்லையாகக் கருதப்படும். இந்த இரண்டு பிரிவுகளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கிரீனில் ஒரு வாகனப்பாதை போட வேண்டுமென்றாலும், கம்பம் நடவேண்டுமென்றாலும், இவற்றைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அப்படியானால் கிரீன் நடுவே பள்ளிக்கூடம் நிற்கிறதே என்று கேட்கலாம். 1841ஆம் ஆண்டுப் பள்ளியிடச் சட்டம், மேனர் பிரபு, அதாவது ஊரின் நிலப்பிரபு, தன் புறம்போக்கிலிருந்து பள்ளிக்கு இடம் எழுதித்தர வழி செய்திருந்தது. விளைநிலத்தைக் கொடுக்க மனம் வராத பிரபுவுக்குக் கிரீனின் ஓரம் சுலபமான தானம். அதனால்தான் கூரிய கூரையும் மணிக்கூண்டுமாக ஒரு விக்டோரியப் பள்ளி திடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு முந்திய ஆக்கிரமிப்புகள் வேறு மாதிரி: வீட்டு முகப்புக் கோட்டைவிட்டு இரண்டு கஜம் முன்னால் வந்து நிற்கும் ஒரு குடிசை, திடல் நடுவே தீவு போல மூன்று வீடுகள், வாசலுக்கு முன் ஒரு கீற்று முன்தோட்டம். முன்தோட்டங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். அவற்றில் பல கிரீனிலிருந்து கிள்ளியவை.

மே மாத விழாவில் சுற்றி ஆடும் மேப்போல் கம்பத்துக்கும் இந்தக் காலத்தில்தான் புதுவேடம் வந்தது. கம்பம் பழையது, 1644 ஏப்ரலில் நாடாளுமன்றம் மேப்போல்களையெல்லாம் இறக்கச் சொல்லி ஆணையிட்டது, முடியாட்சி திரும்பியதும் மறுபடி நட்டார்கள். ஆனால் குழந்தைகள் வண்ண நாடாவைப் பிடித்துச் சுற்றிப் பின்னும் ஆட்டம் 19ஆம் நூற்றாண்டு மேடையிலிருந்து இறங்கிவந்தது. 1881இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் வைட்லண்ட்ஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மே ராணி விழாவைத் தொடங்கிவைத்தார். அங்கே படித்துப்போன ஆசிரியைகள் அதைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். நாடா கட்டிய கம்பத்தை மத்தியகால மிச்சம் என்று விளம்பரப் பலகையில் எழுதுவது தவறு.

1894இல் பாரிஷ் கவுன்சில்கள், அதாவது ஊராட்சி மன்றங்கள், உருவாயின. அதுவரை பிரபுவும் மேய்ச்சல் உரிமைக்காரரும் தங்களுக்குள் பார்த்துக்கொண்ட திடலுக்கு ஒரு குழு, ஒரு கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பேடு வந்தது. பெஞ்சு வந்தது. மரம் நடுவிழா வந்தது. 1887, 1897, 1902, 1911, 1935, 1937, 1953 என்று ஒவ்வோர் அரச விழாவுக்கும் ஒரு மரம், அதைச் சுற்றி இரும்புக் கிராதி. அந்தக் கிராதிகளில் பல இரண்டாம் உலகப்போரில் பழைய இரும்பாகப் போய்விட்டன.

கிரிக்கெட்டுக்குத் தனி வரலாறு உண்டு. லண்டன் தெற்கே மிட்சமில் 1685 முதல் ஆடிவருவதாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே பெவிலியனுக்கும் திடலுக்கும் நடுவே பொதுச்சாலை ஓடுகிறது, மட்டையோடு சாலையைக் கடந்துதான் களமிறங்க வேண்டும். திடலின் தோற்றத்தைப் பொறுத்தவரை கிரிக்கெட் செய்த பெரிய மாற்றம் நடுவிலுள்ள சதுரம். களிமண் மிகுந்த மண்ணை ஆண்டுதோறும் மேலே தூவி, உருளையால் அழுத்தி, சில மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். நூறாண்டு தூவிய மண் சேர்ந்து சதுரம் மெல்ல மேடாகிவிடும். கிரிக்கெட் நின்றுபோன ஊரிலும், மாலை வெயிலில் சாய்ந்து பார்த்தால் அந்தத் தட்டையான மேடு தெரியும்.

மாடு போன பிறகு

1920, 30களில் மோட்டார் வண்டி வந்தது. சாலைக்குத் தார் வந்தது. வேலியில்லாத திடலில் மேயும் பசு நேராகச் சாலையில் ஏறும்.  ஒன்றிரண்டு பசு வைத்திருந்த குடிசைவாசிகள் அதைவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். ஒவ்வோர் ஊராக மேய்ச்சல் ஓசையில்லாமல் நின்றது. யார்க்ஷயரின் ஹட்டன்-லி-ஹோல் போன்ற சில ஊர்களில் மட்டும் மேட்டுநிலத்து ஆடுகள் இன்றும் வீதிக்கு நடுவே மேய்கின்றன. அந்த ஊரின் திடல் ஏன் வேறு எங்கும் இல்லாத மாதிரி இருக்கிறது என்று சுற்றுலாப் பயணிகள் வியப்பார்கள். அதை வெட்டுவது ஆட்டின் பல்.

மேய்ச்சல் நின்றதும் புல் வளர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வைக்கோலுக்கு அறுத்தார்கள். புல்வெட்டும் இயந்திரத்தை எட்வின் பட்டிங் 1830இலேயே குளோஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் பக்கம் உருவாக்கியிருந்தாலும், அது பல காலம் செல்வந்தர் தோட்டத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் உரியது. டிராக்டருக்குப் பின்னால் இழுக்கும் கூட்டு வெட்டிகள் மலிந்த பிறகே ஏக்கர் கணக்கில் வாராவாரம் வெட்ட முடிந்தது. காலண்டர் கம்பளம் அப்போது பிறந்தது. அழகுக் கிராமப் போட்டிகள் அதற்கு மதிப்பெண் கொடுத்து ஊக்கின.

சுற்றியுள்ள வீடுகளும் இதே காலத்தில் முகம் மாற்றின. மரச்சட்ட வீடுகளில் பலவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி முழுதும் மூடியிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டு ரசனை அந்தப் பூச்சைப் பெயர்த்துக் கட்டைகளை வெளிக்காட்டிக் கறுப்படித்தது. கறுப்பு வெள்ளை வரிகளே பழமை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. எசெக்ஸ், சஃபக் பக்கத்து வீடுகளுக்கு இது சரியான கேடு; பூச்சு போனதும் மழைநீர் கட்டை இணைப்புகளில் புகுந்து உளுக்க வைக்கிறது.

மரங்களில் நேர்ந்த இழப்பு இன்னும் பெரிது. பழைய அஞ்சலட்டைகளில் திடலின் பின்புறம் உயரமாக, மேகம் போலத் திரண்டு நிற்கும் மரங்கள் பெரும்பாலும் எல்ம். 1960களின் பிற்பகுதியில் இறக்குமதி மரக்கட்டையோடு கொடிய பூஞ்சை வகை ஒன்று வந்து, பட்டை வண்டுகள் வழியே பரவியது. நாடெங்கும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் மடிந்தன. பல ஊர்களின் வானக்கோடு பத்தே ஆண்டில் மொட்டையானது. வேலியில் அவற்றின் பக்கக்கன்றுகள் இன்னும் துளிர்க்கின்றன. தண்டு கொஞ்சம் தடித்துப் பட்டை முரடானதும் வண்டு மறுபடி தேடிவரும். விழாக்களுக்கு நட்ட ஹார்ஸ் செஸ்ட்நட் மரங்களையோ 2002 முதல் இலைத்துளைக்கும் அந்துப்பூச்சி பிடித்திருக்கிறது. ஆகஸ்டிலேயே இலையெல்லாம் பழுப்பு. மரம் உடனே சாகாது, ஆனால் ஊரின் கோடைத் தோற்றம் கெட்டுப்போகிறது.

மரம் செத்த இடத்தில் மரம் நடுவது நியாயம். ஆனால் வெற்றிடம் கண்ணில் பட்டாலே ஒரு மரம் நட்டுவிடத் துடிப்பது கிரீனுக்குச் செய்யும் தீங்கு. ஒரு ஓக் வளர்ந்தால் 20 மீட்டர் விரியும். குளத்தின் தெற்குக் கரையில் நட்டால் நிழலும் இலைச்சருகும் குளத்தைக் கொல்லும். தேவாலயத்துக்கும் திடலுக்கும் நடுவே நட்டால் 30 ஆண்டில் அந்தக் காட்சி மறையும். அப்போது வெட்ட யாருக்கும் மனம் வராது. நட்ட இளமரத்துக்கும் முதல் எதிரி நோயன்று, புல் வெட்டும் கம்பிச்சுழலி. அடிப்பட்டையைச் சுற்றிக் கீறிவிட்டால் மரம் காய்ந்துவிடும். மரத்தடியில் ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல்லை எடுத்து மரச்சீவல் பரப்பிவிட்டால் கம்பியை அங்கே கொண்டுபோக வேண்டிய வேலையே இல்லை. சீவல் தண்டைத் தொடக் கூடாது.

திடலின் ஒரு பகுதியைப் பழையபடி பூப்புல்லாக மாற்றப் பல கவுன்சில்கள் முயல்கின்றன. வெட்டாமல் விட்டாலே போதும் என்று நினைப்பதால்தான் அவை தோற்கின்றன. 60, 70 ஆண்டு வெட்டிய புல்லை அப்படியே விட்டதில் மண் கொழுத்துக் கிடக்கிறது. விட்டால் முரட்டுப்புல்லும் நெட்டில் என்ற காஞ்சொறியும்தான் எழும். முதல் இரண்டு ஆண்டு, வெட்டிய ஒவ்வொரு முறையும் புல்லை அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். பிறகு ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் புல்லை ஒட்ட வெட்டி, வாரியால் கிளறிப் பாதித் தரையாவது வெற்றுமண்ணாகத் தெரியும்படி செய்து, யெல்லோ ரேட்டில் விதையைச் சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் தூவ வேண்டும். அது புல்லின் வேரில் ஒட்டி உறிஞ்சி அதன் வீரியத்தைக் குறைக்கும். குளிர்காலக் குளிரைத் தாங்கிய பிறகே முளைக்கும், ஆகவே வசந்தத்தில் தூவினால் வீண். விதை அந்த ஆண்டுடையதாக இருக்கட்டும். ஜூலைக் கடைசிவரை அந்தப் பகுதியைத் தொடக் கூடாது. பிறகு வெட்டி, சில நாள் அங்கேயே உலரவிட்டு விதை உதிர்ந்ததும் அள்ளிவிடலாம். ரேட்டில் ஓராண்டுச் செடி, அதன் விதை மண்ணில் நெடுநாள் தங்காது. ஒப்பந்தக்காரர் ஒருமுறை மறந்து ஜூனில் வெட்டிவிட்டால், அதோடு எல்லாம் போச்சு. அதனால் மூலைகளில் முளை அடித்து, பகுதியைச் சுற்றி ஒரு வெட்டுத்தடம் விடுங்கள். வேண்டுமென்றே விட்டது என்பது பார்ப்பவருக்கும் புரியும்.

குளத்தைத் தூர்வாரும்போது நேரும் பெரிய விபத்து, அடியை உடைத்துவிடுவது. களிமண்ணை ஈரத்தோடு மிதித்து இறுக்கிச் செய்த தளம் பல குளங்களுக்கு ஓர் அடிக்கும் குறைவான கனமே. இயந்திரத்தின் வாளி அதைக் கிழித்தால் குளம் ஒழுகி வற்றும். கறுத்த வண்டல் முடிந்து நிறம் மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். முதலில் கைத்துளையால் நாலைந்து இடத்தில் ஆழம் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. இலையுதிர் காலத்தில், ஒரே தடவையில் முழுவதும் வாராமல் மூன்றில் ஒரு பங்காக வாருங்கள். பெரிய கொண்டை நியூட் என்ற பல்லி வடிவ நீர்நில உயிரி வாழும் குளமானால் உரிமம் இல்லாமல் தொடவே கூடாது. நியூசிலாந்து பிக்மிவீட் என்ற நீர்க்களை கண்ணில் பட்டால் இன்னும் எச்சரிக்கை. தண்டின் சிறு துண்டு இயந்திரத்தில் ஒட்டிப் போனாலும் அடுத்த ஊர்க் குளம் மூடிவிடும். வாத்துக்கு ரொட்டி போடுவதும் குளத்தைக் கெடுக்கிறது: மிஞ்சிய ரொட்டியும் அளவுக்கு மீறிப் பெருகிய வாத்துகளின் எச்சமும் தண்ணீரைப் பச்சைக்கூழாக்கிவிடும்.

கார் நிறுத்தும் தகராறு எல்லா ஊரிலும் உண்டு. சாலையிலிருந்து 15 கஜத்துக்குள் நிறுத்திக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சாலையை விட்டு விலகி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. நிறுத்துவதற்காக 15 கஜத்துக்குள் வந்தால் அந்தக் குறிப்பிட்ட குற்றம் ஆகாது என்கிறது, அவ்வளவே. நிறுத்தும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. 1857, 1876 பிரிவுகள் அப்படியேதான் நிற்கின்றன. தடுக்க ஓக் முளைகளை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டாலே கார் நுழையாது. பாறாங்கற்களைப் போடாதீர்கள், புல்லுக்குள் மறைந்து வெட்டும் இயந்திரத்தின் அலகை உடைக்கும்.

பழைய முகத்தைத் தேடுவது

உங்களுக்குத் தெரிந்த ஒரு கிரீனின் மாற்றத்தைத் தேட விரும்பினால் வரைபடத்தில் தொடங்குங்கள். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, விளைச்சலில் தேவாலயத்துக்குரிய பத்திலொரு பங்கு வரிக்காக வரைந்த டைத் வரைபடம் பெரும்பாலான ஊர்களுக்குக் கிடைக்கும். அதில் கிரீனுக்குப் பெரும்பாலும் எண்ணோ நிறமோ இருக்காது; வரி விதிக்க விளைச்சல் இல்லை. அந்த வெறுமையே எல்லையைக் காட்டிவிடும். அடுத்து நாட்டின் நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின், மைலுக்கு 25 அங்குல அளவிலான வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துத் தாள்களும் இலவசமாக இருக்கின்றன. பி என்றால் கைப்பம்பு, டபிள்யூ என்றால் கிணறு, எல்.பி. என்றால் தபால்பெட்டி. முதல் பதிப்பையும் அடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முன்தோட்டங்கள் வளர்வது கண்ணுக்குத் தெரியும். 1940களில் விமானப்படை எடுத்த வான்படங்களில் கடைசி வண்டித்தடங்கள் இன்னும் வெளிறிக் கிடக்கும். பிறகு 1965ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி கவுன்டியில் உள்ள பதிவேடு. 1970க்குள் பதியாத கிரீன்கள் சட்டப்பாதுகாப்பை இழந்தன. எல்லையைத் தப்பாக வரைந்து பதிந்தவையும் ஏராளம். இப்போது புதிதாகப் பதிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊர்க்காரர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல், தடுப்பை மீறாமல், ஒளிவுமறைவின்றி 20 ஆண்டு விளையாடியும் உலாவியும் வந்ததை நிறுவ வேண்டும். அந்த இடத்துக்கு வீட்டுத்திட்டம் ஏற்கெனவே விண்ணப்பமாகி வெளியாகியிருந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டம் கதவை அடைத்துவிடும்.

அஞ்சலட்டைகளுக்குத் தேதி போட, பின்பக்கத்தைத் திருப்புங்கள். செய்தியும் முகவரியும் ஒரே பக்கத்தில் கோடிட்டுப் பிரிந்திருந்தால் 1902 அல்லது அதற்குப் பின். முன்பக்கத்தில் நினைவுத்தூண் உண்டா, சாலை வெளிறிய தூசியா கறுத்த தாரா, மரத்தைச் சுற்றிய கிராதி நிற்கிறதா என்று பார்த்தால் பத்தாண்டு அளவுக்கு நெருங்கிவிடலாம். தபால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே படத்தை 15 ஆண்டு விற்றிருப்பார்கள்.

அந்த அட்டையோடு திடலுக்குப் போய் அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். கோபுரத்தின் விளிம்பும் முன்னால் உள்ள புகைபோக்கியும் அட்டையில் எப்படி ஒன்றையொன்று வெட்டுகின்றனவோ அப்படியே வரும்வரை இடவலமாக நகருங்கள். பிறகு அவற்றுக்கு இடையிலான உயர வித்தியாசம் பொருந்தும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். ஜூம் செய்து பொருத்தினால் பின்னணி ஏமாற்றும். கால்தான் நகர வேண்டும். ஜனவரியில், சூரியன் தாழ்ந்திருக்கும் மாலையில் ஒன்று கூடுதலாக எடுத்துவையுங்கள். மூடிப்போன வண்டித்தடமும், கொண்டித்தொழுவின் அடிச்சுவரும், பழைய கிரிக்கெட் சதுரமும் நிழலாக எழுந்து நிற்கும். தேதியும் நின்ற இடமும் எழுதி, ஒரு பிரதியைக் கவுன்டி ஆவணக் காப்பகத்தில் கொடுத்துவிடுங்கள்.